இடைவேளையில் காணாமல் போன மாப்பிள்ளை

“கொலை செஞ்சது யார்னு எனக்குத் தெரியும். போன்ல சொல்ல முடியாது, நேர்ல வாங்க” என்று திரையில் ஒருவர் சொன்னதும், என் பெரியம்மா வெற்றிலையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு, “பூட்டான், இவன் கதை அவ்ளோதான்” என்பாள். அடுத்த காட்சியில் அந்த மனிதர் முதுகில் கத்தியோடு குப்புறக் கிடப்பார். “போன்லயே சொல்லித் தொலைச்சிருந்தா இன்னா, நாக்கு தேஞ்சிடுமா?” என்று பெரியம்மா கேட்க, பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிக்கும். இடுப்பளவு மண்சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் திரும்பிப் பார்த்து முறைப்பார்கள். முறைத்துவிட்டுப் போகட்டும், எங்களுக்கென்ன.

உத்திரமேரூருக்குப் போகிற சாலையில், ஏரிக்கரையை ஒட்டி அந்த டூரிங் டாக்கீஸ் இருந்தது. எழுபதுகளின் கடைசியில் நாங்கள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு அங்கே போவோம். பெரியம்மா என் அம்மாவின் அக்கா. புருஷன் போனபிறகு எங்களோடு வந்து தங்கியவள். பக்திப் படம், குடும்பப் படம் எதையும் அவள் மதிக்க மாட்டாள். “அழுவுறதுக்குக் காசு குடுக்கணுமா, அது வூட்லயே கெடைக்குது” என்பாள். அவளுக்கு வேண்டியது மர்மப் படம். பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும் என்று என்னையும் அதில் இழுத்துவிட்டாள். அதற்கு அவளை எப்போது நினைத்தாலும் கும்பிடத் தோன்றுகிறது.

எங்கள் கொட்டகையில் ஒரே ஒரு புரொஜெக்டர். ஒரு பார்ட் படச்சுருள் ஓடி முடிந்தால் விளக்கைப் போட்டுவிடுவார்கள். ஆபரேட்டர் அடுத்ததை மாட்டுகிறவரை முறுக்கு, சோடா, கூச்சல். பிறகு மணி அடிக்கும். பட்டணத்துத் தியேட்டர்களில் ஒரே இடைவேளையாம். பாவம். எங்களுக்குப் பல இடைவேளை, ஒவ்வொன்றிலும் ஒரு பஞ்சாயத்து. யார் கொலைகாரன், ஏன், எந்தக் கதவு வழியாக வந்தான்? மணல் மேட்டில் உட்கார்ந்து பெண்கள் போட்ட சண்டையில் படத்தைவிட ருசி அதிகம்.

சண்டை போட்டுப் போட்டு நாங்களே வகை பிரித்து வைத்திருந்தோம். மலைமேல் பங்களா, மழை, செத்துப்போன பெரியவரின் உயில், சொத்துக்கு வாய் பிளந்து நிற்கும் சொந்தக்காரர்கள் என்றால் அது ‘யாருடி அது’ படம். கறுப்புக் கையுறை போட்ட கை கதவுக் குமிழைத் திருகும். எங்கள் ஊரில் யார் வீட்டுக் கதவிலும் குமிழ் கிடையாது, எல்லாம் தாழ்ப்பாள்தான். சித்திரை வெயிலில் கையுறை போட்ட மனுஷனையும் நாங்கள் கண்டதில்லை. இருந்தாலும் அந்தக் குமிழ் திரும்பும்போது முறுக்குக் கடிக்கிற வாயெல்லாம் அப்படியே நின்றுவிடும். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு பனிக்குள் ஒருத்தி பாடிக்கொண்டே போனால் ‘வெள்ளப்பொடவ’ படம். அது பேய் இல்லை, சித்தப்பன் டேப் ரிக்கார்டரை மரத்தில் கட்டி வைத்திருக்கிறான் என்பது எங்களுக்குப் பாட்டு முடியும் முன்பே தெரியும். தெரிந்தும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொள்வோம்.

முதல் காட்சியிலேயே கொலைகாரனைக் காட்டிவிட்டு, எப்போது பிடிபடுவான் என்று இழுத்தடிப்பது ‘மாட்டுவானா’ படம். இதில் ஒரு சட்டைப் பொத்தான் கட்டாயம் அறுந்து விழும். பெரியம்மாவுக்கு இந்த வகை ஆகாது. “கொலகாரனுக்காவ நான் ஏன் வேத்துக் கொட்டணும்?” என்பாள். ஆனால் போலீஸ் கையில் பொத்தான் சிக்கும்போது அவள்தான் முதலில் “ஐயோ” என்பாள். கடிகாரத்தைக் காட்டிக் காட்டி உயிரை வாங்குவது வெடிகுண்டுப் படம். சுழல் நாற்காலியில் மொட்டைத் தலையன் உட்கார்ந்து சிவப்பு விளக்கைப் பார்த்துச் சிரிப்பது உளவாளிப் படம். அது ஆண்கள் பக்கத்துச் சொத்து, விசில் அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவோம்.

இதிலெல்லாம் பெரியம்மா எடுத்து வைத்திருந்த விதி ஒன்றுதான்: எவன் ரொம்ப நல்லவனாக இருக்கிறானோ, அவன்தான். முரட்டு மீசைக்காரன் இல்லை, நொண்டி இல்லை, கம்பளி போர்த்திய வாட்ச்மேன் இல்லை. எல்லாருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டு, மெதுவாகப் பேசிக்கொண்டு, ஓரமாக நிற்கிறானே அவன். இந்த விதி தப்பிப் போய் நான் பார்த்ததில்லை. அதனால்தான் என் கல்யாணம் நின்றுபோக இருந்தது.

எனக்கு வந்த வரன் அந்தக் கொட்டகைக்குப் பக்கத்தில்தான் இருந்தார். சொந்த நிலம், சொந்த ஓட்டு வீடு. பெண் பார்க்க வந்தவர் மெதுவாகப் பேசினார். பஜ்ஜி தின்ற தட்டை அவரே எடுத்துக்கொண்டுபோய்ச் சமையல்கட்டு வாசலில் வைத்தார். அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. பெரியம்மா முகம் இறுகிவிட்டது. “தாயார் வரலியா?” என்று கேட்டாள். “தங்கச்சி வூட்ல பிரசவம், அங்க போயிகீறாங்க” என்று தரகர் முந்திக்கொண்டு சொன்னார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

அவர்கள் போனதும் பெரியம்மா ஆரம்பித்துவிட்டாள். “தட்ட எடுத்துக்கினு போற ஆம்பளைய எங்க பாத்துகீறேன் தெரியுமா? கடைசி ரீல்ல கத்தியோட நின்னவன்தான் அப்டி எடுத்துக்கினு போவான். புள்ளைக்குப் பொண்ணு பாக்கச்சொல்ல எந்தத் தாயாவது பிரசவம் பாக்கப் போவாளா? இதுல இன்னாமோ கீது.”

எனக்கும் திக்கென்றது. சிரிக்காதீர்கள். நான் பார்த்திருந்த உலகம் எங்கள் ஊரும் அந்தக் கொட்டகையும்தான். வருகிற வெள்ளிக்கிழமை தரகருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சரி என்றால் காலம் முழுக்க அந்த வீடு. வேண்டாம் என்றால், நல்ல இடத்தைத் தட்டிவிட்டவள் என்ற பேர். தட்டு எடுத்துப்போன அந்தக் கை எனக்குப் பிடித்திருந்தது வேறு. அது இன்னும் பயமாக இருந்தது.

“படம் மாத்திகீறான். கொட்டாய் பக்கத்துலயே கீறவன் வராமலா பூடுவான்? வா, ஆள நேர்ல பாத்துடலாம்” என்று பெரியம்மா வண்டி கட்டச் சொன்னாள்.

அன்றைக்கு ‘யாருடி அது’ படம். பொழுது சாய்ந்து, ரிக்கார்டு போட்டு, முதல் ஆட்டம் ஆரம்பித்தது. அவர் ஆண்கள் பக்கத்தில் வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தார். முதல் பார்ட் முடிந்து விளக்கு வந்ததுதான் தாமதம், ஆள் எழுந்து வெளியே போய்விட்டார். அடுத்த பார்ட் ஓட ஆரம்பித்து, திரையில் ஒரு பிணம் விழுந்த பிறகுதான் மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து கதை கேட்டுக்கொண்டார்.

“வெளக்கு போட்டதும் எவன் காணாம போறானோ அவன்தான்டி” என்று பெரியம்மா என் தொடையைக் கிள்ளினாள். “குடியா? இல்ல, வேற எவளாவது கீறாளா?”

இரண்டாவது முறை விளக்கு வந்தது. அவர் எழுந்தார். முறுக்கு வாங்கப் போகிறவர்கள் மாதிரி நாங்களும் எழுந்தோம். அவருடைய சைக்கிள் ஏரிக்கரைச் சரிவில் இறங்கி, கொட்டகைக்குத் தெரிகிற தூரத்தில் இருந்த முதல் ஓட்டு வீட்டு வாசலில் நின்றது. பெரியம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்த வேகத்தில் எனக்கு மூச்சு முட்டியது. சன்னலுக்குக் கீழே போய் நின்றோம்.

உள்ளே அரிக்கேன் வெளிச்சத்தில் கயிற்றுக் கட்டில். அதில் ஓர் அம்மாள் படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே அசைவே இல்லை. இவர் அவரை ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, தலையைத் தாங்கித் தண்ணீர் கொடுத்துக்கொண்டே படபடவென்று பேசிக்கொண்டிருந்தார்.

“அண்ணங்காரன் வெளக்க அணைச்சான். கண்ணாடி ஒடஞ்ச சத்தம் கேட்டுது. வெளக்கு வந்தா பெரியவர் செத்துக் கெடக்குறாரு.”

“சமையக்காரன் எங்க இருந்தான்?”

“அவனக் காட்டவே இல்லம்மா.”

“அப்ப அவன் இல்ல. நாம அவன சந்தேகப்படணும்னுதான் காட்டல. அந்த டாக்டரப் பாருடா. அவன்தான்.”

கொட்டகையில் மணி அடித்தது. “இரு, மிச்சத்தப் பாத்துட்டு வந்து சொல்றேன்” என்று அவர் சைக்கிளுக்கு ஓடினார். நாங்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டோம்.

படத்தில் டாக்டர்தான் கொலைகாரன். ஆனால் மிச்சப் படம் என் கண்ணில் ஏறவில்லை. பெரியம்மாவும் அன்று யாரையும் கண்டுபிடிக்கவில்லை, அவள் கொதித்துக்கொண்டிருந்தாள். “மறச்சிட்டானுங்க பாத்தியா. நீ போய்க் காலம்பூரா பீ மூத்திரம் அள்ளணும். நாளைக்கே தரகனக் கூப்ட்டு மூஞ்சில அடிக்கிறா மாதிரி வேணாம்னு சொல்லிட்றேன்.”

“வேணாம்னு சொல்லாத பெரிம்மா” என்றேன்.

“இன்னாடி, பைத்தியமா?”

அவளுக்கு எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் ஆண்கள் வெளியே பார்த்ததை வெளியிலேயே விட்டுவிட்டு வருவார்கள். நல்லது கெட்டது எதுவானாலும் மூன்றாம் மனுஷர் வாயிலிருந்துதான் எங்களுக்கு வந்து சேரும். பார்த்த கதை ஆறுவதற்குள் ஒருத்தியிடம் சொல்லவேண்டும் என்று, பாதிப் படத்தை விட்டுவிட்டு ஓடிவருகிற மனிதரை நான் எங்கேயும் பார்த்ததில்லை. எனக்கு அந்த ஓட்டம் போதும் என்று தோன்றியது. இதைச் சொன்னேன். “வெள்ளிக்கெழம வரைக்கும் நான் வாயத் தொறக்கல, போ” என்றாள் பெரியம்மா.

வெள்ளிக்கிழமைக்கு முன்பே அவர் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காராமல் நின்றபடியே என் அப்பாவிடம், “அம்மா பிரசவம் பாக்கப் போவல. களத்துல விழுந்து இடுப்பு போயி, பல வருசமா படுக்கையில கீறாங்க. தரகர் சொல்லவேணாம்னாரு. எனக்கு மனசு கேக்கல. தெரிஞ்சி சரின்னா சரி” என்றார்.

பெரியம்மா கதவுக்குப் பின்னால் இருந்து வெளியே வந்தாள். “கேக்கறதுக்கு முன்னாடியே ஒத்துக்கினு நிக்குதே, இது இன்னா படம்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். எங்கள் வகைகள் எதிலும் அது அடங்கவில்லை. கல்யாணம் நடந்தது.

புதுப் படம் மாற்றினால் முதல் நாள் அவர் போவார். மறுநாள் அவர் அம்மாவோடு இருக்க, பக்கத்து வீட்டுப் பெண்களோடு நான் போவேன். மாமியாருக்குக் கதை சொல்லும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அதற்கடுத்த நாள் காலையில் அவருக்கு உடம்பு துடைத்து, தலை வாரிக்கொண்டே சொல்வேன். ஒவ்வொரு பார்ட்டாகத்தான் சொல்வேன். கஞ்சிக்கு முன் ஒன்று, பின் ஒன்று. குமிழ் திரும்புவதைக் கையால் திருகிக் காட்டுவேன். வெள்ளைப் புடவைக்காரி மாதிரி சீப்பும் கையுமாக அறைக்குள் நடப்பேன். “யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்” என்று நிறுத்துவேன். மாமியார் யோசித்து, யோசித்து, தபால்காரன் என்பார். தோட்டக்காரன் என்பார். ஒரு தடவை, செத்துப்போனவனையே சொன்னார். நான் கைதட்டிச் சிரிப்பேன். “இம்மாம் மக்கா கீறீங்களே அத்த” என்று கேலி செய்வேன். அவரும் என்னையே பார்த்துச் சிரிப்பார். சன்னல் வழியாகக் கேட்ட அன்றைக்கு டாக்டரைச் சரியாகச் சொன்னவர் ஆயிற்றே, படுத்துப் படுத்து மூளை மழுங்கிவிட்டதோ என்றுகூட எனக்குக் கவலை.

எனக்குப் பிள்ளை பிறந்து, அது நடக்க ஆரம்பித்த வருஷம் மாமியார் போய்ச் சேர்ந்தார். துக்கம் கழிந்த பிறகும் நாங்கள் கொட்டகைப் பக்கம் போகவில்லை. பல மாதம் கழித்து ஒரு ‘யாருடி அது’ படம் வந்தது. நான்தான் வீட்டுக்காரரைப் பிடித்துக் கொட்டகைக்குத் தள்ளினேன். முதல் பார்ட் முடிந்திருக்கும், வாசலில் சைக்கிள் சத்தம். உள்ளே வந்தவர் வெறும் கட்டிலில் உட்கார்ந்தார்.

“அத்த இல்லன்றத மறந்துட்டீங்களா?” என்றேன்.

“மறக்கல” என்றார். கட்டில் கயிற்றைக் கையால் தடவினார். பிறகு சொன்னார்: “உங்கிட்ட ஒண்ணு சொல்லல. நீ அங்க படம் பாத்துக்கினு இருக்கச்சொல்ல, நான் இங்க அம்மாவுக்கு முழுக் கதையும் சொல்லிடுவேன். அங்க மணி அடிச்சா, இங்க அடுத்த பார்ட்ட ஆரம்பிப்பேன். கொலகாரன் யாருன்னு அம்மா பாதியிலயே கரெக்டா சொல்லிடும்.”

எனக்குப் புரியவில்லை. “பின்ன இன்னாத்துக்கு எங்கிட்ட தப்புத் தப்பா சொன்னாங்க?”

“நானும் கேட்டேன். ‘படுத்துக் கெடக்குறவ வூட்டுக்கு வந்து மாட்டிக்கினோமேன்னு அந்தப் பொண்ணுக்கு வருத்தம் கீதா, இல்லியா? வாயத் தொறந்து கேட்டா இல்லன்னுதான் சொல்லும். கத சொல்லச்சொல்ல மூஞ்சப் பாத்தா தெரிஞ்சிடும்டா. நான் சரியாச் சொல்லிட்டா அது சீக்கிரம் முடிச்சிடும்’னுச்சி.”

அத்தனை நாள் காலையிலும் அந்த அம்மாள் என்னைத்தான் துப்பறிந்திருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கண்டுபுடிச்சாங்களா?” என்று கேட்டேன்.

“நம்ம புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுச்சி. ‘பொய்யில்லடா, அது நெஜமாவே நல்லாதான் கீது’ன்னு.”

அத்தை சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தார். கொட்டகையில் மணி அடித்தது. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் அவர் கையைப் பிடித்து எழுப்பி, “போங்க, மிச்சத்தப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க” என்றேன்.