அழகம்மா ஒத்திகை பார்த்த ஜெபம்

அழகம்மா அக்காவும் நானும் பதினோரு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து நிரையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறோம். அவர் பேசுவார், நான் கேட்பேன். எட்டாம் வகுப்போடு தேயிலை மலைக்கு வேலைக்கு வந்த எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. அதனால்தான் அவர் என்னிடம் எதையும் மறைத்ததில்லை. பிரேமினி டீச்சர் மேல் அவர் ஏழு மாதம் வளர்த்த கோபத்தைத் தினமும் கூடவே இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. நோர்வூட்டுக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில் பிறந்து, பதினாறு வயதில் கூடை எடுத்தவர். நாலு வருடத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்து எங்கள் ஜெபவீட்டுக்கு வந்தார். சபைப் பதிவில் எஸ்தர் என்று இருக்கிறது. யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் புருசன் வீரய்யா அண்ணன் கோயிலுக்கும் போகமாட்டார், ஜெபவீட்டுக்கும் வரமாட்டார். இரண்டு பக்கத்தையும் கேலி செய்துகொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்.

ஒரு மலையில் கொழுந்து எடுக்கத் தொடங்கும்போது, முதல் பிடியைக் கூடையில் போட்டு "பொலி, பொலி" என்று சொல்வது எங்கள் வழக்கம். கொழுந்து பெருகட்டும் என்று கொழுந்துசாமியைக் கூப்பிடுவது அது. முப்பத்தைந்து வருடம் சொன்ன வாய். ஞானஸ்நானம் எடுத்த பிறகும், கை முதல் பிடியைப் போட்டதும் அக்காவின் வாய் தானாகச் சொல்லிவிடும். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். நான் கேட்காத மாதிரி இருப்பேன்.

இது எப்படியோ பிரேமினி டீச்சரின் காதுக்குப் போய்விட்டது. டீச்சர் தோட்டத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறவர், சபையில் பெண்கள் ஐக்கியத்தின் தலைவி. போன பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, உபவாச ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது அவர் சத்தமாக ஜெபித்தார்.

"ஆண்டவரே, எங்க மத்தியில ஒரு சகோதரி இருக்காங்க. பேர் சொல்ல விரும்பல. பத்தாம் நம்பர் மலையில கொழுந்து எடுக்கிறாங்க. ஒம்ம பேர்ல முழுகி எழுந்தும் இன்னும் கொழுந்துசாமிய வாய் நெறயக் கூப்பிடுறாங்க. அவங்களுக்காக நாங்க அழுவுறோம்."

பத்தாம் நம்பர் மலையில் எங்கள் சபைக்காரர்கள் மூன்று பேர்தான். ஒருத்தி நான், என் வாயிலிருந்து எதுவுமே வராது என்று எல்லாருக்கும் தெரியும். இன்னொருத்தி பிள்ளை பெற்று வீட்டில் இருந்தாள். மூடியிருந்த கண்களெல்லாம் திறந்து அழகம்மா அக்கா பக்கம் திரும்பின.

போதகர் கூப்பிட்டு விசாரித்தார். அக்கா பொய் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்குத் திருவிருந்து எடுக்க வேண்டாம் என்றார் போதகர். அந்த மூன்று மாதமும் அப்பமும் ரசமும் வைத்த தட்டு என் கையிலிருந்து அக்காவைத் தாண்டி அடுத்தவள் கைக்குப் போனது. அக்கா தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சாமிய மாத்துன, வாய மாத்தலையே" என்று வீரய்யா அண்ணன் சிரித்தார். அன்றைக்கு அவருக்குச் சோறு கிடைக்கவில்லை.

"எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா வாயில துணியக் கட்டிக்கிட்டாவது எடுத்திருப்பேனே புள்ள" என்றார் அக்கா நிரையில். "ஒரே லயத்துல ஆறு காம்பரா தள்ளித்தானே குடியிருக்கா? நடந்து வர முடியாதா? ஆண்டவர்கிட்ட சொல்ற மாதிரி ஊருக்கே சொன்னாளே. இருக்கட்டும். அவளையும் அதே எடத்துல தல குனிய வைக்கல, எம்பேர் அழகம்மா இல்ல."

அன்றிலிருந்து டீச்சரைக் கவனிப்பதே அவருக்கு வேலையானது. உபவாசத்தன்று டீச்சர் வீட்டு அடுப்பில் புகை வருகிறதா? ஜெபத்தில் தூங்குகிறாரா? ஒருநாள் தூங்கினார். "இது பத்தாது" என்றார் அக்கா.

மே மாதம் டீச்சர் ஒரு சாட்சி சொன்னார். அவருடைய ஒரே மகள் வினோதாவுக்குப் பதினாறு வயது, இரண்டு வருடமாக வலிப்பு. ஜெபித்து ஜெபித்து வலிப்பு நின்றுவிட்டது என்றும், விசுவாசத்தோடு மாத்திரையை விட்டுவிட்டோம் என்றும் டீச்சர் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அக்கா மட்டும் தட்டவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் நோர்வூட் டவுனுக்குக் கருவாடு வாங்கப் போன அக்கா, மக்பூல் நானாவின் கடைக்குப் பின்னால் இருக்கிற குழாயில் கால் கழுவப் போயிருக்கிறார். கடைக்குப் பின்பக்கம்தான் நானாவின் வீடு. நானாவின் தாய் செரீபா உம்மா நோய் தீரக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிற தண்ணீருக்கு எல்லாச் சனமும் வரும். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பிரேமினி டீச்சர் ஒரு போத்தலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வினோதா.

"தண்ணிய ஓதித் தாறன் மகள். ஆனா டொக்டர் தந்த மருந்த ஏன் நிப்பாட்டினீங்க? அதையும் குடுங்கோ" என்று செரீபா உம்மா சொன்னதும் அக்காவின் காதில் விழுந்தது.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு வந்த அக்காவின் முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"மாட்டிக்கிட்டா புள்ள."

செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு பெண்கள் ஞாயிறு. அன்றைய ஜெபம் முறைப்படி அழகம்மா அக்காவுக்கு வந்திருந்தது. மூன்று வாரம் இருந்தது. நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டே ஒத்திகை தொடங்கினார்.

"ஆண்டவரே, எங்க மத்தியில ஒரு சகோதரி இருக்காங்க. பேர் சொல்ல விரும்பல. முன்பள்ளியில படிச்சுக் குடுக்கிறாங்க."

"நம்ம தோட்டத்துல ஒரு டீச்சர்தானேக்கா?"

"அதுக்குத்தானே சொல்றேன்."

எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது, எந்த இடத்தில் அழுவது என்று எல்லாம் முடிவு செய்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தோசம் இருந்ததை மறைப்பானேன்? மூன்று மாதம் அந்தத் தட்டு என் கை வழியாகத்தானே அவரைத் தாண்டிப் போனது.

அந்த ஞாயிறுக்கு முதல் நாள், சனிக்கிழமை வேலை முடிந்ததும், "வா, டீச்சர் வீட்டுக்குப் போவோம்" என்றார் அக்கா.

"எதுக்குக்கா?"

"முன்னாடியே சொல்லிட்டு வருவோம். ஒரு ராத்திரியாவது தூங்காம கெடக்கட்டும்."

டீச்சர் எங்களைப் பார்த்ததும் பாய் விரித்தார். அக்கா உட்காரவில்லை.

"நாளைக்கு என் ஜெபம் டீச்சர். தெரியும்தானே?"

"தெரியும்க்கா."

"மக்பூல் நானா வீட்டுல ஒங்களப் பாத்தேன்."

டீச்சர் பாயில் உட்கார்ந்துவிட்டார். அப்போது வினோதா உள்ளேயிருந்து தேத்தண்ணி கொண்டுவந்தாள். இடது கையில் முழங்கை வரை துணி சுற்றியிருந்தது.

"கையில என்ன?" என்றார் அக்கா.

"அடுப்புல விழுந்துட்டா" என்றார் டீச்சர் மெதுவாக. "வியாழக்கெழம. மறுபடியும் வந்துருச்சு. ரெண்டு மாசமாவே வருதுக்கா."

"கிளினிக்குக்குக் கொண்டு போகலையா?"

"எப்பிடிப் போறது? சாட்சி சொல்லிட்டேன். அத்தன பேரும் கைதட்டினாங்க. கிளினிக் வரிசையில பாதிப்பேர் நம்ம சபைதான். நான் போய் நின்னா ஆண்டவரப் பொய்யாக்குன மாதிரி ஆயிராதா?"

"ஆண்டவர் அவர அவரே பாத்துக்குவாரு. நீங்க புள்ள கையப் பாருங்க!"

அக்கா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. வினோதா பயந்து பின்னால் போனாள். அக்கா அவளைக் கூப்பிட்டு, துணியை அவிழ்த்துப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பவும் சுற்றினார். தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"செவ்வாக்கெழம கிளினிக். நானும் வாறேன். யாரும் கேட்டா எனக்குத்தான் பிரசர்னு சொல்றேன். நீங்க தொணைக்கு வந்ததா இருக்கட்டும்."

டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது. "அன்னிக்கு நானும் இப்பிடி ஒங்க வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கணும்க்கா."

"ஆமா. சொல்லியிருக்கணும்" என்றார் அக்கா. வெளியே வந்துவிட்டார்.

வரிசை வீடுகளை ஒட்டிய லயத்துப் பாதையில் நான் கேட்டேன்: "மன்னிச்சிட்டீங்களாக்கா?"

"யாரு சொன்னா? அதுக்கு இன்னும் நாள் கெடக்கு. புள்ள அதுவரைக்கும் தாங்குமா?"

"அப்ப நாளைக்கு ஜெபம்?"

அவர் தன் காம்பராக் கதவைத் திறந்து உள்ளே போனார். அன்றிரவு தூங்காதவள் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபவீடு நிறைந்திருந்தது. டீச்சர் முன்வரிசையில், வினோதா நீளக்கைச் சட்டையோடு அவர் பக்கத்தில். அழகம்மா அக்கா எழுந்து முன்னால் போனார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை.

"ஆண்டவரே" என்றார் அக்கா. "எங்க மத்தியில ஒரு சகோதரி இருக்காங்க."

டீச்சரின் தோள் இறுகியது.

"பேர் சொல்ல விரும்பல" என்று சொல்லி அக்கா நிறுத்தினார். தகரக் கூரையில் தூறல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. யாரோ இருமினார்கள். அக்கா டீச்சரின் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவசரப்படவே இல்லை. டீச்சரின் கை வினோதாவின் கையைத் தேடிப் பிடித்ததை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தார்.

"அது நான்தான் ஆண்டவரே. எனக்கு ஒடம்பு சொகமில்ல, பிரசர். செவ்வாக்கெழம கிளினிக் போறேன். மருந்து குடிக்க வெக்கப்படாம இருக்க எனக்குப் புத்தி குடும். ஆமென்."

"ஆமென்" என்றது சபை. டீச்சரின் சத்தம் மட்டும் கொஞ்சம் பிந்தி வந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன்: "நடுவுல அவ்வளவு நேரம் நிப்பாட்டணுமாக்கா? டீச்சருக்கு உயிரே போயிருக்கும்."

"ஏழு மாசம் புள்ள. அதுகூட எனக்கு இல்லையா?"

செவ்வாய்க்கிழமை அக்கா ஒருநாள் பேரை, அன்றைய கூலியை, விட்டுவிட்டு டீச்சரோடும் வினோதாவோடும் போனார். வரிசையில் நின்ற சபைக்காரர்கள் அக்காவிடம்தான் சுகம் விசாரித்தார்கள். டொக்டர் டீச்சரை நன்றாக ஏசிவிட்டு, மாத்திரையைத் திரும்பவும் எழுதிக் கொடுத்தார். சொன்ன பொய்க்காக அக்காவும் கையை நீட்டினார். பிரசர் உண்மையாகவே கூடியிருந்தது.

"யாரால ஏறுச்சுன்னு அந்த நர்சுக்குத் தெரியாது" என்றார் என்னிடம்.

அதன் பிறகு பிரேமினி டீச்சர் ஜெபத்தில் எந்தச் சகோதரியையும் இழுக்கவில்லை. நவம்பரில் ஒருநாள் தானாகவே எழுந்து, மாத்திரையை நிறுத்தியது தன் தப்பு, மகள் இப்போது மருந்து குடிக்கிறாள் என்று சபையில் சொன்னார். ஓதின தண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லை. அக்காவும் நானும் இதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. சம்பந்தப்பட்ட எல்லாருடைய பேரையும் மாற்றித்தான் இதை எழுதியிருக்கிறேன்.

மாதத்துக்கு ஒருமுறை மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் கிளினிக் போகிறார்கள். இரண்டு பேர் உட்காருகிற சீட்டில் அழகம்மா அக்கா வினோதாவை ஜன்னல் பக்கம் விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். டீச்சர் பின்சீட்டில் தனியாக வருகிறார்.