பூட்டி வைத்த ஹேண்ட்பேக்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு மே மாத வியாழக்கிழமை. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸில் நான் சூப்பர்வைசர். வெளியே லாரிகள் வரிசை கட்டி நிற்கும். எந்தப் பெட்டி எந்த லாரியில் ஏறிற்று என்று உள்ளே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவது எங்கள் வேலை. அதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டதால் அன்று இன்டர்வியூ வைத்திருந்தோம்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. திருட்டு ஏரியா என்று வெளியே பேர் வாங்கிய இடம் அது. அதனால் ஆபீஸில் யார் கேட்டாலும் "பெரம்பூர்" என்பேன். எங்கள் ஏரியாவில் படித்து வேலைக்குப் போகிற பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. பக்கத்து ஸ்டாப்தானே, இதில் என்ன பெரிய பொய் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வோம். கல்யாணமாகி மாதவரம் போன பிறகும் நான் அதை மாற்றிக்கொள்ளவில்லை. அம்மா மட்டும் இன்னும் அந்தப் பழைய வீட்டில்தான் இருக்கிறார்.

இன்டர்வியூவுக்கு நாலு பேர் வந்தார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். மணலியில் ஒரு பவுடர் கம்பெனியில் பேக்கிங் வேலை. தூசியில் ஓயாத இருமல் வந்து, வேலையை விடச் சொல்லிவிட்டாராம் டாக்டர். சாயங்காலங்களில் கம்ப்யூட்டர் கிளாஸ் போய்க் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். "தூசி இல்லாம உட்கார்ந்து செய்யற வேலை கெடச்சா போதும் மேடம்" என்றாள்.

காலையில் டைப்பிங் டெஸ்ட் வைத்தேன். கன்டெய்னர் நம்பர் என்றால் நாலு எழுத்து, ஏழு எண். ஒன்று மாறினாலும் பெட்டி எங்கே என்று யார்டு முழுக்கத் தேட வேண்டியதுதான். ஐம்பது நம்பர் கொடுத்தேன். மற்ற மூன்று பேரும் நாலைந்து தப்பு விட்டார்கள். இவள் ஒரு தப்பு இல்லாமல் அடித்து முடித்துவிட்டு, டேபிளில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

மதியம் மேனேஜர் முன்னால் கடைசி டெஸ்ட். அவர் அவளுடைய விண்ணப்பத்தைப் புரட்டினார். "வியாசர்பாடியா! ஐயோ, நம்ம பொருளையெல்லாம் பத்திரமா பாத்துக்கணுமே" என்று சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, தமாஷ் என்று நினைத்துத்தான் சொன்னார். அவளும் சிரித்துவைத்தாள்.

நானும் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருக்கலாம். என் ஹேண்ட்பேக் காலையிலிருந்து டேபிள் மேல், அவள் கைக்கு எட்டுகிற தூரத்திலேயேதான் கிடந்தது. அதை எடுத்து டிராயரில் போட்டுப் பூட்டினேன். அவள் எடுப்பாள் என்று நினைத்தேனா? சத்தியமாக இல்லை. அந்த ஊருக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்று மேனேஜருக்குக் காட்டிக்கொள்ளத்தான் அப்படிச் செய்தேன். சாவி திரும்பிய சத்தத்தில் அவள் டிராயரைப் பார்த்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள்.

அதன்பிறகு அவள் வேறு ஆளாகிவிட்டாள். எதிரிலேயே பேனா கிடந்தது. "எடுத்துக்கவா மேடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டாள். இரண்டு கையும் எங்கள் கண்ணில் படும்படியே வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு நம்பரையும் அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள். ஐம்பதில் பதினொன்று தப்பு.

"காலைல பிரமாதமா பண்ணாங்கன்னு சொன்னீங்களே?" என்று கேட்டார் மேனேஜர். என்ன நடந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். "பிரஷர் தாங்கல போலிருக்கு சார்" என்று சொல்லி, அவள் வேண்டாம் என்ற தாளில் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனேன். மாடிப்படியில் தண்ணீர் கேனோடு அந்தப் பெண்ணே எதிரில் வந்தாள். நான் சுவரோரம் ஒதுங்கி நின்றேன்.

"இங்கயும் மேடம்னு கூப்டணுமாக்கா?" என்று சிரித்தாள். "உங்கம்மா வூட்டுக்கு மேல்மாடிதான் நாங்க. வந்து ஆறு மாசம் ஆவுது. நீங்க வந்து போறத பாத்துக்கினுதானே கீறேன்."

"அப்புறம் ஏம்மா அன்னிக்குச் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க பைய உள்ள வச்சி பூட்டுனீங்களா, அப்பதான் தெர்ஞ்சிக்கினேன், நீங்க இந்த ஏரியான்னு அவங்களுக்குத் தெரியாதுன்னு. நான் பாட்டுக்கு வாய வுட்டு உங்களுக்கு இன்னாத்துக்கு பேஜாரு? நானும் திருடி இல்லன்னு காட்டணும், உங்களையும் காட்டிக் குடுக்கக் கூடாது. அதே நெனப்பா இருந்தேனா, நம்பரெல்லாம் கொயம்பிப் போச்சுக்கா."

கோபமாக நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் கேனைத் தூக்கிக்கொண்டு இருமியபடியே மேலே ஏறிப் போனாள். நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் வேலையைக் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன், அவளோ என் பொய்யைக் காப்பாற்றியிருக்கிறாள்.

மறுநாள் காலை மேனேஜரிடம் போனேன். "சார், நான் பெரம்பூர் இல்ல, வியாசர்பாடி" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "நானும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். ஆனால் சனிக்கிழமையே வேறொருவருக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. நான் வெள்ளிக்கிழமையே வாயைத் திறந்திருந்தால் அந்த நாற்காலி அவளுடையது.

அவள் இன்னும் நாலு மாசம் அந்தத் தூசியில் கிடந்து இருமிவிட்டு, ராயபுரத்தில் ஒரு மீன் ஏற்றுமதி ஆபீஸில் வேலை வாங்கிக்கொண்டாள். அதில் என் பங்கு துளியும் இல்லை. அங்கேயும் விண்ணப்பத்தில் வியாசர்பாடி என்றுதான் எழுதினாளாம்.

இப்போது யார் கேட்டாலும் நானும் அப்படித்தான் சொல்கிறேன். இன்டர்வியூ நடந்தால் என் பை டேபிள் மேலேயேதான் இருக்கும். ஆனாலும் எதிரில் உட்கார்ந்திருப்பவர் "பேனா எடுத்துக்கவா மேடம்?" என்று கேட்டுவிட்டால், எனக்கு அந்தச் சாவி திரும்பிய சத்தம்தான் கேட்கிறது. ஊரார் எங்களைத் திருடர் என்று சொன்னதைவிட, எங்கள் ஊர்ப் பெண்ணின் கண்ணெதிரே பையைப் பூட்டியது நான்தான் என்பதே இன்றுவரை என்னைத் தலைகுனிய வைக்கிறது.