அளவு நாடாவின் குற்றம்

அந்தத் தையல்கடையில் அளவெடுத்துத் துணி வெட்டுவது அவள். மிஷினில் உட்கார்ந்து தைப்பது அவளுடைய நாத்தனார். வாடிக்கையாளர்கள் இவளை 'இஞ்ச் அக்கா' என்பார்கள். ஒருத்தி படியேறும்போதே அவள் இடுப்பளவு இன்னதென்று இஞ்ச் அக்காவின் கண் சொல்லிவிடும்.

இஞ்ச் அக்காவுக்கு வயது அறுபத்தாறு, இடுப்பு இருபத்தாறு. இரண்டாவது எண்ணை மட்டும்தான் கேட்காமலே சொல்வாள். அதைக் காப்பாற்ற ராத்திரிச் சாப்பாட்டை விட்டு எட்டு வருடமாகிறது. பால் கொழுப்பு, முட்டை சூடு, பருப்பு வாயு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கட்டியதில் கடைசியில் பால் விடாத டீயும் இரண்டு துண்டு ரொட்டியும்தான் மிஞ்சின. "குச்சி மாதிரி இருக்கீங்கக்கா" என்று யாராவது சொன்னால் போதும், அவளுக்கு வயிறு நிறைந்துவிடும்.

நாத்தனார் வயிற்றை வேறு விதமாக நிறைத்துக்கொள்பவள். மத்தியானம் டப்பாவைத் திறந்து முட்டையை உரித்துக்கொண்டே, "குச்சிதான் அண்ணி சீக்கிரம் ஒடியும்" என்பாள். இவளுக்குக் கொழுப்பு வாயிலும்தான் என்று இஞ்ச் அக்கா மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

வருடத்துக்கு ஒன்றாக அவள் தனக்குத் தைத்துக்கொள்ளும் நைட்டிக்கு, நாற்பத்தைந்து வயதில் வெட்டிய ஒரே அளவு அட்டைதான். இந்த வருட நைட்டி தரையைக் கூட்டியது. நாத்தனாரை விட்டுத் தன் உயரத்தை அளக்கச் சொன்னாள். முன்பைவிடக் குறைந்திருந்தது. பழைய நாடா இழுபட்டு நீண்டால் எல்லாவற்றையும் குறைத்துத்தான் காட்டும். தொழில் தெரிந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா? புது நாடா வாங்கினாள். அதுவும் குறைத்தது. "இப்பல்லாம் புதுசே நீண்டுதான் வருது." மூன்று நாடாக்கள் குப்பைக்குப் போயின. அதே நாடாக்களில் அளந்த ஊராரின் உடைகள் கச்சிதமாக இருந்தது அவளுக்கு உறைக்கவில்லை.

நான்காவது நாடா வாங்கப் புறப்பட்டவளை நைட்டி நுனியே தடுக்கிவிட்டது. கையை ஊன்றினாள், மணிக்கட்டு முறிந்தது.

மாவுக்கட்டுப் போட்ட டாக்டரம்மா அவளைச் சுவரோடு நிறுத்தி அளந்தார். அவளுடைய பழைய மருத்துவச் சீட்டில் இருந்ததைவிட இரண்டு இஞ்ச் குறைவு.

"உங்க அளவுல ஏதோ தப்பு, டாக்டர். நாடால்லாம் இப்ப நீண்டுதான் வருது."

"நாடா நீளும்னே வெச்சுக்கலாம். சுவர் நீளாதும்மா."

எக்ஸ்ரே எடுத்ததில், முதுகில் இரண்டு முள்ளெலும்புகள் ஏற்கெனவே நசுங்கியிருந்தன. எலும்பு மெலிவு என்றார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். இஞ்ச் அக்கா பெருமையாகச் சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். இந்த வயதில் பட்டினி கிடந்து இளைத்தால் சதையோடு எலும்பும் கரையும். மாத்திரை மட்டும் போதாது, பால், பருப்பு, முட்டை எல்லாம் உள்ளே போகவேண்டும். இல்லாவிட்டால் அடுத்து இடுப்பெலும்பு, அப்புறம் வெட்டு மேஜை முன்னால் நிற்பது கனவில்தான் என்றார்.

கடைக்கு வந்ததும் அட்டையை ஆணியிலிருந்து எடுத்து தோளிலிருந்து உடம்போடு வைத்துப் பார்த்தாள். அடி நுனி தரையில் முட்டி மடங்கியது. அட்டையும் நீளாது. நாத்தனாரின் டப்பாவை நோக்கிக் கையை நீட்டினாள். எட்டு வருடக் கேலியைத் தயாராக வைத்திருந்த நாத்தனார், அதை விழுங்கிவிட்டு ஒரு முட்டையை உரித்துக் கொடுத்தாள்.

கட்டுப் பிரித்த கையால் முதலில் வெட்டியது அந்த அட்டையின் அடியைத்தான், சரியாக இரண்டு இஞ்ச்.

அந்த வாரமே அறுபது தாண்டிய வாடிக்கையாளர் ஒருத்தி முகமெல்லாம் பல்லாக வந்தாள். பட்டினி கிடந்து ஆறு கிலோ குறைத்தாளாம். பாவாடையை இடுப்பில் பிடித்துத் தரவேண்டுமாம்.

"பிடிக்க மாட்டேன். உள்ள துணி விட்டுத்தான் தெச்சிருக்கேன். நல்லா சாப்பிட்டுட்டு வா, பிரிச்சுத் தரேன்."

அவள் விருட்டென்று எதிர்க்கடைக்குப் போனாள். "வந்த ஆளை இப்படித் துரத்துனா கடை உருப்பட்டாப்லதான் அண்ணி" என்றாள் நாத்தனார்.

இஞ்ச் அக்கா மேஜை முன்னால் நின்றபடியே தலையை மட்டும் ஆட்டினாள். வாயில் முட்டை இருந்தது.