நவமணி அனுப்பாத செய்தி

தைராய்டு கட்டியை எடுத்தபோது நவமணிக்கு உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு கரகரப்பு வந்து தொண்டையில் தங்கிவிட்டது. அதை அவள் பெரிதுபடுத்தவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை. இருபது வருடமாக வாய்க்கும் கைக்கும் ஓய்வு கொடுக்காதவள்.

சூப்பர்வைசர் விமலன் ஒரு வாட்சப் குரூப் தொடங்கினான். "லீவு, ஷிப்டு மாத்துறது, எதுவா இருந்தாலும் இதுல போடுங்க. எனக்குத் தனியா போன் பண்ணாதீங்க." எழுத்தைத் தட்டுவது நவமணிக்குக் கைவரவில்லை. பேசியே அனுப்பினாள்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், மெஷின் ஓட்டும் குகனேஸ்வரன் அவள் பேசியதை எல்லாரும் கேட்கப் போட்டான். நடுநடுவே ஆடு கத்தியது. அவன்தான் சேர்த்திருந்தான். மேசையே சிரித்தது. விமலனும் சிரித்தான். அவளோடு பகிர்ந்து சாப்பிடும் காளியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது.

"சும்மா விளையாட்டுக்குலா, அக்கா," என்றான் குகனேஸ்வரன்.

நவமணியும் சிரித்து வைத்தாள். மறுநாள் வணக்கம் சொன்னாள். யாரோ 'மே' என்றார்கள். பெட்டி கேட்டாலும் 'மே'. ஒரே மாதத்தில் அவள் வாய் அடைத்துப்போனது.

கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டிய அவள் புருஷன் தங்கையா, நெஞ்சில் சளி கட்டி, தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான்காம் நாள் விடிந்ததும், கூட இருந்த நாத்தனார் மணியம்மா கூப்பிட்டாள். "அண்ணன் ஒங்களத்தான் கேட்டுக்கிட்டு இருக்கு, அண்ணி. வேலைக்குப் போகாதீங்க, வந்துருங்க."

நவமணி போனை வாயருகே வைத்து, "இன்னிக்கு எனக்குப் பதிலா யாராச்சும்..." என்று தொடங்கினாள். பேசியதைப் போட்டுக் கேட்டாள். அழித்தாள். மறுபடி பேசி, அதையும் அழித்தாள். விமலனிடம் நேரில் லீவு கேட்டுக்கொண்டு மத்தியானமே போய்விடலாம் என்று தொழிற்சாலை வேனில் ஏறினாள்.

பத்தரைக்கு மணியம்மாவிடமிருந்து மறுபடி போன். அழுகைதான் கேட்டது.

விமலன் தன் காரிலேயே அழைத்துப்போனான்.

இழவு வீட்டில் காளியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. ஒங்க வேலைய நான் பாத்திருப்பேனே."

பார்த்திருப்பாள். நவமணிக்கு அதுதான் தாங்கவில்லை.

கருமாதி முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று குகனேஸ்வரன் மெஷினை நிறுத்திவிட்டு வந்தான். "அக்கா, மன்னிச்சிருங்க. நான் அப்படி..."

"சரிப்பா. போய் மெஷினப் போடு."

இப்போது எல்லாரும் அவளிடம் மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறார்கள். அவள் பெட்டியைத் தூக்கப் போனால் ஓடிவந்து வாங்குகிறார்கள். அவள் தலையை மட்டும் ஆட்டுகிறாள்.

மாதம் மூன்று கழித்து மணியம்மா வந்திருந்தாள். காய் அரிந்துகொண்டிருந்தவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அன்னிக்கு அண்ணன் ஒங்ககிட்ட என்ன சொல்லணும்னு துடிச்சுதுன்னு நீங்க கேக்கவே இல்லையே, அண்ணி."

"சொல்லாத," என்றாள் நவமணி. "இப்ப வேணாம்."

மணியம்மா மீதிக் காயை அரிந்து முடித்தாள்.