கடைசிக் காட்சியில் அப்பாவின் கை

எங்கள் கொட்டாஞ்சேனைப் பங்குக் கோயில் மண்டபத்தில் திருவிழாவுக்குத் திருவிழா ஒரே பழைய நாடகத்தைத்தான் போடுவார்கள். அண்ணனும் தம்பியும் சண்டை பிடித்து வீட்டின் நடுவே சுவர் எழுப்புவார்கள், கடைசியில் அண்ணனின் மகள் இருவர் கையையும் பிடித்துச் சேர்த்துவைப்பாள், பெண்கள் அழுவார்கள், திரை விழும். அண்ணன் வேடம் அப்பாவுக்கென்றே எழுதிவைத்தது போல. எனக்குப் பத்து வயதானபோது மகள் வேடம் கிடைத்தது. அந்த வருடம் தம்பியாக நடிக்க வந்தவர் என் சொந்தச் சித்தப்பா.

அப்பாவும் சித்தப்பாவும் பேசி இரண்டு வருடமாகியிருந்தது. சித்தப்பா மட்டக்குளியில் ஒரு சிங்களப் பெண்ணை வீட்டுக்குச் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். பேலியகொடை மீன் சந்தையில் வேலை பார்த்த அப்பாவுக்கு அதை ஒரு மீன் வியாபாரிதான் போகிறபோக்கில் சொன்னார். கல்யாணத்தை அப்பா மன்னித்திருப்பார். தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவருக்கு, அதை யாரோ ஒருவர் வாயால் கேட்டதுதான் ஆறவில்லை.

ஒத்திகையில் சண்டைக் காட்சிகள் பிரமாதமாக வந்தன. நாடகம் பழக்கிய மாஸ்டர், "இதுதான் நடிப்பு" என்று தொடையில் தட்டிக்கொண்டார். அது நடிப்பில்லை என்பது மண்டபம் கூட்டுகிறவருக்கும் தெரியும். மற்ற நேரங்களில் நான்தான் தூது. ஒரு முழத் தூரத்தில் நின்ற தம்பியைக் காட்டி, "சித்தப்பாட்ட சொல்லு மகள், கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லி" என்பார் அப்பா. நானும் சொல்வேன். எனக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. கடைசிக் காட்சி வந்தால், "அத மேடையில பாத்துக்கொள்ளுவம், மாஸ்டர்" என்று அப்பா இறங்கிவிடுவார். ஒருநாளும் நாங்கள் அதைப் பழகவில்லை.

நாடகத்தன்று சித்தப்பா என்னை மேடைக்குப் பின்னால் கூப்பிட்டார். பவுடர் பூசிய முகத்தில் வியர்வை ஓடியது.

"மகள், கடைசியில அப்பாட கையை எண்ட கையில வைக்க மறக்க மாட்டீங்கதானே?"

"ஓம் சித்தப்பா, எனக்கு எல்லாம் பாடம்."

"கெதியா எடுத்திடாதீங்க. கொஞ்ச நேரம் அப்பிடியே வச்சிருங்க."

நான் மறக்கவில்லை. "இனி இந்த வீட்டில் சுவர் வேண்டாம்" என்று கத்திவிட்டு அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அது இறுகப் பொத்தியபடி இருந்தது. நகத்தால் கிள்ளியும் பார்த்தேன், விரியவில்லை. சித்தப்பா கையை நீட்டியபடி நின்றார். பிறகு தானே இரண்டு கைகளாலும் அந்தப் பொத்திய கையை மூடிப் பிடித்துக்கொண்டார். சனம் எழுந்து கைதட்டியது. திரை விழுந்ததும் அப்பா அவர் பிடியை உதறிவிட்டு இறங்கிப் போனார். இவ்வளவு பேருக்கு முன்னால் அப்பா பிழைவிட்டாரே என்று எனக்கு ஒரே ஆத்திரம். முச்சக்கரவண்டியில் வீடு வரும்வரை முணுமுணுத்தேன்.

அதிலிருந்து மூன்றாவது வாரம், அவுஸ்திரேலியாவுக்கென்று நீர்கொழும்பில் புறப்பட்ட ஒரு மீன்பிடிப் படகில் சித்தப்பா போனார். படகு போய்ச் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை. நாடகத்துக்கு முன்பே பயணத்துக்கு நாள் குறித்திருந்ததையும், தம்பி வேடத்தை மாஸ்டரிடம் அவராகவே கேட்டு வாங்கியதையும் சித்தி எங்கள் வீட்டு வாசலில் வந்து அழுதபோதுதான் பெரியவர்கள் அறிந்தார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. சித்தப்பாவுக்கு வெளிநாட்டில் வேலை என்றார்கள், நம்பினேன்.

அடுத்த திருவிழாவுக்கு நடிக்க வேண்டாமென்று அம்மா கெஞ்சினார். அப்பா கேட்கவில்லை. தம்பி வேடத்துக்குப் பக்கத்து ஒழுங்கை வீடொன்றிலிருந்து ஒரு பெயின்டரைப் பிடித்திருந்தார்கள். கடைசிக் காட்சியில், நான் இழுப்பதற்கு முன்பே அப்பாவின் கை விரிந்து நீண்டது. அந்த மனிதரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திரை விழுந்த பிறகும் விடவில்லை.

"அண்ணே, முடிஞ்சுது. கைய விடுங்க, நோகுது" என்றார் அவர் மெதுவாக. அப்பாவுக்குக் கேட்கவில்லை.

போன வருடப் பிழையை அப்பா திருத்திக்கொண்டுவிட்டார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும், "இந்த முறை வடிவா செய்தீங்க, அப்பா" என்று அவரிடமே சொன்னேன்.