காதை எட்டிய கை

என் மகளுக்கு மேல் முன்பற்கள் இரண்டும் விழுந்தது நாலாம் வகுப்பில். உடன் படித்த பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் பெரிய பல்லே முளைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் வாயைத் திறந்து சிரிக்கும்போதெல்லாம் எனக்குப் பயம் வரும். காரணம் எனக்கும் என் நாத்தனாருக்கும் மட்டும்தான் தெரியும்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆன சமயம் அது. காசிமேட்டுத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷெட்டில் நானும் நாத்தனாரும் இறால் தலை கிள்ளும் வேலை செய்தோம். என் வீட்டுக்காரர் விசைப்படகில் போனால் திரும்ப பத்து நாள் ஆகும். ஒரு திங்கட்கிழமை மகள் வந்து, "டீச்சர் உன்ன இட்டுகினு வரச் சொன்னாங்கம்மா" என்றாள்.

நான் எட்டாவது வரை படித்தவள். நாலு பேர் எதிரில் பேச எனக்கு வராது. ரேஷன் கடையில்கூட, பின்னால் நிற்பவர் முன்னே போனால் பேசாமல் இருந்துவிடுவேன். அன்று வகுப்புக்கு வெளியே தூணை ஒட்டி நின்றேன். டீச்சரே எழுந்து வந்தார்.

"க்ளாஸ்லயே உயரம் உங்க பொண்ணுதான். ஆனா இன்னும் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியல. ஒரு வரி முடிக்கறதுக்குள்ள முதல் வார்த்தை மறந்துபோகுது. அதட்டினா விரல் சப்புறா. இந்த வயசுக்கு இது சரியில்லம்மா. மூளை வளர்ச்சி கம்மியான பிள்ளைங்களுக்குன்னு தனிப் பள்ளிக்கூடம் இருக்கு. வெள்ளிக்கிழமை லெட்டர் எழுதித் தர்றேன், அங்க சேத்துடுங்க."

"சரிங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். 'இந்த வயசுக்கு' என்ற வார்த்தை என் கூடவே ஷெட் வரைக்கும் நடந்து வந்தது.

பள்ளிக்கூட நோட்டில் இருந்த அவள் வயது நிஜ வயது இல்லை. வீட்டிலேயே பிறந்தவள், சர்டிபிகேட் கிடையாது. அந்தக் காலத்தில் ஒண்ணாவதில் சேர்க்க ஒரு சோதனை வைப்பார்கள். பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடவேண்டும். தொட்டால் ஐந்து வயது முடிந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். அவளுக்கு அப்போது நாலரை கூட ஆகவில்லை. ஆனால் அவள் அப்பாவைப் போல நீளக் கை. வேலைக்குப் போகும்போது அவளை விட்டுப்போக ஆளில்லை. ஷெட்டுக்கு இட்டுப்போனால் ஐஸ் உடைக்கும் மிஷின் பக்கமே ஓடுவாள். ஒரு நாள் அவள் பாவாடை நுனி அதன் பெல்ட்டில் சிக்கிக் கிழிந்தது. மறுவாரமே தலை நிறைய எண்ணெய் வைத்து, முடியைப் படிய வாரி, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். கை காதைத் தொட்டது. பெரிய டீச்சர் ஐந்து முடிந்த கணக்கில் ஒரு ஜூன் மாதத் தேதியைப் பிறந்த தேதியாக எழுதிக்கொண்டார். அது தப்பு என்று நான் வாயே திறக்கவில்லை.

நாத்தனார் மகன் என் மகளுக்கு இரண்டு மாதம்தான் மூத்தவன். டீச்சர் என்னைக் கூப்பிட்ட சமயம் அவன் மூணாவதில்தான் இருந்தான்.

டீச்சரைப் பார்த்து வந்த அன்று ஷெட்டில் என் கூடையில் கழிவுதான் அதிகம் சேர்ந்தது.

"இன்னாடி, தலையோட பாதி எறாவையும் சேத்துக் கிள்ளிகினுகீற? இன்னா பேஜாரு உனுக்கு?" என்றார் நாத்தனார்.

சொன்னேன்.

"அட பாவி! போய் உண்மையச் சொல்லு."

"சொன்னா பேர வெட்டிடுவாங்க அண்ணி."

"வெட்னா எம்புள்ள பக்கத்துல மூணாவதுல குந்தட்டும். கப்பலா கவுந்துடும்? உனுக்கு வாய் எதுக்குத்தான் கீதோ, சோறு துன்ன மட்டும்."

செவ்வாய் பள்ளிக்கூட வாசல் வரை போய்த் திரும்பினேன். புதன் இரண்டு தடவை போனேன். இரண்டாவது தடவை எதிர்ப்பக்கம் நடந்து, தேவையே இல்லாமல் ஒரு கடையில் சீயக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன். உள்ளுக்குள் இன்னொரு சந்தேகம் அரித்தது. நிஜமாகவே அவளுக்கு மூளையில் ஏதாவது குறை இருந்தால்? பொய்யை ஒப்புக்கொண்ட பிறகும் டீச்சர் அதையே சொன்னால்?

அன்று சாயங்காலம் நாத்தனார் மகன் வந்திருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே கிண்ணத்தால் அளந்து மோர் ஊற்றினேன். அவனுக்கு ஒல்லியான உயர டம்ளர், இவளுக்கு அகல டம்ளர். இவள் ஒரே அழுகை.

"அவனுக்கு மட்டும் நெறிய ஊத்திட்ட!"

"உன் எதிர்லதானே ஒரே கிண்ணத்துல ஊத்தினேன்?"

"பொய்! பாரு, அவன்து எவ்ளோ மேல வந்துகீது!"

 டீச்சர் சொன்னது இதுதானோ என்று நினைத்தேன். அதற்குள் அவன் டம்ளரைத் தூக்கிக் காட்டி, "ஆமா, எனுக்குதான் நெறிய! உனுக்கு இல்ல, போ" என்று பழித்தான்.

அவன் மூணாவதில் முதல் மூன்று பேரில் ஒருவன். அவனும் அப்படித்தான் நினைத்தான். அப்படியானால் இது மூளைக் குறை இல்லை, வயசுதான் போல.

வியாழக்கிழமை நான் வாசலில் நிற்கவே இல்லை. நின்றால் திரும்பிவிடுவேன் என்று தெரியும். நேராக உள்ளே போய், டீச்சர் முகத்தைப் பார்க்காமல் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் மகளைக் கூப்பிட்டு, "வாயத் தொற" என்றார். காலியாக இருந்த ஈறைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தினமும் பாக்குறேன். உயரத்தப் பாத்தேனே தவிர, பல்லப் பாக்கல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தேதிய இனிமே மாத்த முடியாதும்மா. லெட்டரும் வேணாம். கணக்குக்கு மட்டும் மூணாவதுல உக்காரட்டும்" என்றார்.

தப்பித்தோம் என்று நினைத்தேன். ஆனால் மூணாவதில் அவள் மற்ற எல்லாரையும்விட ஒரு தலை உயரம். 'ஒட்டகச்சிவிங்கி' என்று பேர் வைத்துவிட்டார்கள். அழுதுகொண்டு வந்தவள், "நீ பொய் சொன்னதுக்கு நான் இன்னாத்துக்குக் கீழ் க்ளாஸ்ல குந்தணும்?" என்று கேட்டாள். டீச்சரிடம் நான் சொன்னது எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது.  ஒரு வாரம் என்னிடம் தலை வாரிக்கொள்ளவே வரவில்லை, அத்தையிடம் போனாள்.

அதற்குப் பிறகும் எனக்கு நிம்மதி இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் எதிரில் ஒரே கிண்ணத்தால் அளந்து அதே இரண்டு டம்ளரில் மோர் ஊற்றி வைத்து, அடுப்பு வேலை பார்ப்பது போல ஓரக்கண்ணால் பார்ப்பேன். அவள் உயர டம்ளரைத்தான் எடுப்பாள். வாரா வாரம் அதுவேதான். கழித்தல் கணக்கு சரியாக வரத் தொடங்கிய பிறகும் நான் அதை விடவில்லை.

முழுப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு ஞாயிறு. புதுப் பல் இரண்டும் ரம்பம் மாதிரி விளிம்போடு பாதி வெளியே வந்திருந்தன. அவள் வந்து கைக்குக் கிட்டே இருந்த அகல டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்தாள்.

"அது வோணாவா?" என்று உயர டம்ளரைக் காட்டினேன். 

"எதுனா இன்னா? ரெண்டும் ஒண்ணுதானே. டம்ளர்தான் ஒல்லி." டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வாரா வாரம் இதத்தான் பாத்துகினு இருந்தியா நீ?"

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் சீப்பை எடுத்துவந்து என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"எண்ண கொஞ்சமா வெய்யி" என்றாள்.