கொழும்பா, வவுனியாவா

நானும் இவரும் ஞாயிற்றுக்கிழமைகளில வவுனியாவுக்குப் போய் கைகோத்துச் சோடியா ஆடுற பால்ரூம் நடனம் பழகிறது உங்களுக்குத் தெரியும்.

இண்டைக்கு மாஸ்டர் இரண்டு போட்டி சொன்னார். கொழும்பு ஹோட்டலில நாப்பது சோடி ஆடுற பெரிய போட்டி. வவுனியா மண்டபத்தில ஆறு சோடி ஆடுற சின்னப் போட்டி. இரண்டும் ஒரே நாள்.

திரும்பி வரேக்க பஸ்ஸில நான் சொன்னன், "கொழும்புக்கே போவம்."

"பழகி ஆறு மாசம்தானே. முதல் சுற்றிலயே வெளிய அனுப்பிப்போடுவாங்கள்."

"அனுப்பட்டும். அங்க எங்களை ஒருத்தருக்கும் தெரியாது. வவுனியா எண்டால் உங்கட பெரியம்மா ஆக்கள், என்னட்டப் படிக்கிற பிள்ளையளின்ர தாய்மார் எல்லாரும் வந்து முன்னால இருப்பினம். அவை பாக்க எப்பிடி உங்கட தோளில கை வைக்கிறது?"

பஸ் ஒட்டுசுட்டான் தாண்டிச்சுது. எங்களுக்கு நடுவில வழமைபோல சாப்பாட்டுப் பை இருந்தது.

இவர் மெல்லமாச் சொன்னார், "கலியாணத்தண்டு உம்மட கையைப் பிடிச்சது. பத்தொன்பது வருசமா எங்கட ஆக்களுக்கு முன்னால திரும்பப் பிடிக்கேல்லை. இனிப் பிடிக்கேக்க எங்கட சனமே பாக்கட்டும்."

நான் யன்னலுக்கு வெளிய பாத்துக்கொண்டு ஓம் எண்டன். மாஸ்டருக்கு வவுனியா எண்டு மெசேஜும் போட்டன்.

புதுக்குடியிருப்பில இறங்கினதும் மனுசன் பையைத் தூக்கிக்கொண்டு, எப்பவும்போல எனக்கு நாலு அடி முன்னால நடக்கத் தொடங்கிட்டார்.

போட்டிக்கு வாறவை வாங்கோ. முன்வரிசையில இருந்து சிரிக்கப்போறவை ஆரெண்டு மட்டும் இப்பவே சொல்லிப்போடுங்கோ. நான் அந்தப் பக்கம் பாக்காமல் ஆடவேணும்.